ஆலையோடு வந்த பழைய இன்டர்காம்: ரீசெட் செய்வதற்கு முன்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். அலுவலகத்தில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள் போன் இணைப்பு) கொண்ட பழைய பானாசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 இபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களையும் உள் போன்களையும் இணைக்கும் பெட்டி) இருக்கிறது. கையேடு இல்லை, அதைப் பார்த்துக்கொண்டவரும் இப்போது இல்லை. உள்ளுக்குள் பேச முடிகிறது. ஆனால் செல்போன்களுக்கு அழைப்பு போவதில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு பூட்டிக் கிடக்கும் ஓர் அறையில் ஒலிக்கிறது. சில நேரம் யாரும் பேசாமலேயே லைன் பிஸியாக நிற்கிறது. மொத்தமாக ரீசெட் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பழைய அமைப்புதான் உங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே கையேடு. வேலைக்கு வந்த புதிதில் தருமபுரியில் ஒரு தங்கும் விடுதியில் நான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்தேன். மறுநாள் காலையில் 12ஆம் அறையை அழைத்தால் சமையற்கட்டில் எடுத்தார்கள். ரீசெட் செய்தால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தான் செருகப்பட்டிருக்கும் ஜாக்கின் வரிசைப்படி எண்ணை எடுத்துக்கொள்ளும். எந்த ஜாக் எந்த அறைக்குப் போகிறது என்பது வயர் இழுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே முதல் நாள் வேலை புரோகிராம் அல்ல, வயர். ஒரு சாதாரண போனை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகச் சென்று செருகி, அங்கிருந்து ரிசெப்ஷனை அழையுங்கள். ரிசெப்ஷனில் இருக்கும் டிஸ்ப்ளே போனில் தெரியும் எண்ணை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். வெளி லைன்களைக் கண்டறிய, உங்கள் செல்போனிலிருந்து ஒவ்வொரு தரைவழி எண்ணையும் அழைத்து, எந்த லைனின் விளக்கு மின்னுகிறது என்று பாருங்கள். வயர்கள் வந்து சேரும் இணைப்புப் பெட்டியைத் திறந்தால் வெறும் செம்புக் கம்பியைக் கையால் தொடாதீர்கள். சும்மா இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட்தான் இருக்கும் என்றாலும், மணி ஒலிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் வந்து நன்றாகவே உதறிவிடும்.

புரோகிராம் செய்வதற்கு பானாசோனிக்கின் கீ டெலிபோன் (இந்தப் பெட்டிக்கென்றே செய்த, தனிப் பொத்தான்கள் கொண்ட போன்) ஒன்று முதல் ஜாக்கில் இருக்க வேண்டும். சாதாரண போனில் ஆகாது. அதில் புரோகிராம் பொத்தானை அழுத்தி, நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, அதன்பின் கடவுச்சொல் என்ற வரிசையில் உள்ளே போகலாம். பானாசோனிக்கிடமிருந்து வரும்போதே பெட்டியில் இருக்கும் கடவுச்சொல் 1234. பெரும்பாலானோர் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல், திரையில் வரும் மதிப்புகளை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

செல்போனுக்கு அழைப்பு போகாததற்குக் காரணம் பெட்டியின் பழுது அல்ல, அதன் வயது என்றே நினைக்கிறேன். முன்பெல்லாம் ஊழியர்கள் எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) பேசாமல் இருப்பதற்காக 0 என்ற எண்ணையே தடைப் பட்டியலில் போட்டுவைப்பது வழக்கம். 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுவதும் தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்போனை அழைக்க, முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்றாகிவிட்டது. எஸ்டிடிக்காகப் போட்ட பூட்டு அன்றிலிருந்து செல்போனையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. தடையிலிருந்து 0 என்பதை எடுத்துவிட்டு, வெளிநாட்டு அழைப்புக்கான 00 என்பதை மட்டும் அங்கே வையுங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இதுவே போதும். கேட், தராசு மேடை போன்ற இடங்களுக்கு எஸ்டிடி கூடாது என்று நினைத்தால், அந்த எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் 0 தடையை வைத்துக்கொண்டு, விதிவிலக்குப் பட்டியலில் 06, 07, 08, 09 ஆகியவற்றைச் சேர்க்கலாம். நம் செல்போன் எண்கள் எல்லாம் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில்தானே தொடங்குகின்றன. இதில் ஓர் ஓட்டை உண்டு: பெங்களூருவின் 080 அந்த வழியாக நுழைந்துவிடும், சென்னையின் 044 நிற்கும். கூழ் வியாபாரத்தில் பெங்களூருவைப் பூட்டிவைத்து என்ன ஆகப்போகிறது என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. கூடவே 0434 என்பதையும் சேர்த்தால் தருமபுரி (04342), கிருஷ்ணகிரி (04343), ஓசூர் (04344) மூன்றும் திறந்துகொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆலைகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. இந்தப் பெட்டியின் 8 எக்ஸ்டென்ஷன்களும் இயல்பாக 101 முதல் 108 வரை எண் பெறுகின்றன. அதாவது, கொதிகலன் அருகே யாருக்காவது அடிபட்டு, பதற்றத்தில் 108 என்று அழுத்தினால் ஆம்புலன்ஸுக்குப் பதில் எட்டாவது அறைதான் ஒலிக்கும். தீயணைப்புக்கு 101 அழுத்தினால் முதல் போன் ஒலிக்கும். எண் திட்டத்தை மாற்றி எக்ஸ்டென்ஷன்களை 200 வரிசைக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் வெளி லைனுக்கான 9 என்பதை முதலில் அழுத்தியாக வேண்டும். எனவே ஒவ்வொரு போனிலும் “9, பிறகு 108” என்று பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

பூட்டிய அறையில் மணி ஒலிப்பதைச் சரிசெய்வது எளிது. ஒவ்வொரு வெளி லைனுக்கும் பகலில் எந்த போன், இரவில் எந்த போன் ஒலிக்க வேண்டும் என்பது தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பகலுக்கு ரிசெப்ஷன், இரவுக்குக் காவலர் அறை என்று மாற்றிவிடுங்கள்.

லைன் மாட்டிக்கொள்வதுதான் சற்றுச் சிக்கலானது. உங்கள் பக்கம் ரிசீவரை வைத்ததுமே பெட்டி லைனை விட்டுவிடும். ஆகவே கோளாறு அநேகமாக ஹோல்டில் நிற்கும் அழைப்புகளிலும், பதிவு செய்த வரவேற்புக் குரல் எடுக்கும் அழைப்புகளிலும்தான் இருக்க வேண்டும். அங்கே எதிர்முனை வைத்துவிட்டதைப் பெட்டி தானாகவே உணர்ந்தாக வேண்டும். செம்புக் கம்பி இணைப்பை அண்மையில் ஃபைபருக்கு மாற்றியிருந்தால், எதிர்முனை வைத்துவிட்டதைக் காட்ட முன்பு எக்ஸ்சேஞ்ச் கொடுத்துவந்த மின் அடையாளத்தைப் புதிய மோடத்தின் போன் முனை தராமல் இருக்கலாம். சேவை தருபவரிடம் அதை இயக்கச் சொல்லுங்கள்; முடியாதென்றால், பிஸி டோனைக் கேட்டுத் துண்டிக்கும் வசதியைப் பெட்டியில் இயக்குங்கள். நம் நாட்டில் பிஸி டோன் முக்கால் விநாடி ஒலித்து, முக்கால் விநாடி ஓயும். அதே சமயம் டயல் முறை பல்ஸில் (எண்ணைத் துடிப்புகளாக அனுப்பும் பழைய முறை) இருந்தால் டோனுக்கு (எண்ணை ஒலியாக அனுப்பும் முறை) மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து அழைப்பவர் எண்களை அழுத்தி, உங்கள் இன்னொரு லைன் வழியாக வெளியே பேசும் வசதி திறந்திருந்தால் அதை மூடுங்கள். கடவுச்சொல் 1234 ஆக இருக்கும் பெட்டியில் அது பிறர் பேசிய பில்லை உங்கள் தலையில் கட்டிவிடும். கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள்.

சீசன் தொடங்குவதற்கு முன் எர்த் கம்பியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி இடிமழையில் கேட் வரை திறந்தவெளியில் ஓடும் அந்த ஒரு கேபிள் போதும், பெட்டியின் கார்டை எரிப்பதற்கு. அந்தக் கேபிளின் கம்பி ஜோடிக்கு மட்டுமாவது இணைப்புப் பெட்டியில் மின்னல் காப்பைப் பொருத்துங்கள். வேலை முடிந்ததும் அறை, ஜாக், எண், கம்பி நிறம் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி, இணைப்புப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.