நிரந்தர வருமானம் இல்லாமல் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை இத்தனை நாடுகளில் முதியோர் இல்லம் நடத்துவது எப்படி? நாம் என்ன கொடுத்தால் உதவும்?

கையேந்தித்தான் நடத்துகிறார்கள். வேறு வழி கிடைக்காததால் வந்த நிலைமை என்று இதை நினைக்க வேண்டாம். யோசித்து எடுத்த முடிவு அது, இன்றும் சபையின் சட்டம்.

1839 குளிர்காலம். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் சேன்-செர்வான் என்ற துறைமுக ஊர். சபையைத் தொடங்கிய ழான் ஜுகான் அங்கே வீட்டு வேலை செய்து பிழைத்துவந்தார். அப்போது அவருக்கு 47 வயது. பார்வை போய், ஒரு பக்கம் விழுந்துவிட்ட ஆன் ஷோவென் என்ற கிழவியைத் தன் வாடகை அறைக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் வேறிடத்தில் படுத்துக்கொண்டார். அடுத்தடுத்து வந்த பாட்டிகளில் பலர் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்கள். “எந்தெந்த வீட்டில் கேட்பீர்கள்?” என்று அவர்களிடமே விசாரித்து, அந்த வாசல்களுக்குக் கூடையோடு தானே போனார் ஜுகான். பாட்டிகள் குளிரில் அலைவது நின்றது. வழக்கமாகக் கொடுத்தவர்களின் கையும் நிற்கவில்லை. பணம் மட்டும் கேட்கவில்லை. மிஞ்சிய ரொட்டி, விறகு, பழந்துணி, கம்பளி நூல் எல்லாம் கேட்டார். ஆன்ஜே நகர இல்லத்தில் முதியவர்கள் வெறும் ரொட்டி தின்பதைப் பார்த்துவிட்டு, காலி வெண்ணெய்ப் பானைகளை இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் சுரூபத்தின் முன்னால் வைக்கச் சொன்னவர் அவர். இருப்பில் எது தீர்கிறதோ அதைச் சூசையப்பர் காலடியில் வைத்து ஜெபிப்பது இந்த இல்லங்களில் இன்றும் வழக்கம்.

1865-இல் ஒரு சோதனை வந்தது. சொத்தை எழுதிவைத்து, நிலையான வருமானம் தருகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். ஜுகான் அதற்கு முன்பே பொறுப்புகளிலிருந்து ஒதுக்கப்பட்டு, தாய்மடத்தில் ஒரு மூலையில் இருந்தார். தொடங்கியவர் அவர்தான் என்பதே இளம் சகோதரிகள் பலருக்குத் தெரியாது. இருந்தும் இந்த விஷயத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சபையும் மறுத்துவிட்டது. 1879-இல் அவர் இறந்தார். 2009-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அந்த முடிவில் ஆன்மிகத்தோடு நடைமுறை அறிவும் இருந்தது என்பது என் கருத்து. வட்டிப் பணம் வந்தால் வாசல் வாசலாகப் போவது நின்றுவிடும். ஊரும் இல்லத்தை மறந்துவிடும்.

சபை இப்போது சுமார் 30 நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் முதல் இல்லம் 1882-இல் கல்கத்தாவில் தொடங்கியது. பெங்களூரிலும் பழைய இல்லம் உண்டு. ஏழையாக இருக்க வேண்டும், வயது 60 அல்லது 65 தாண்டியிருக்க வேண்டும் (நாட்டுக்கு நாடு மாறும்). மதம் தடையில்லை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றோடு விருந்தோம்பல் என்ற நான்காவது வார்த்தைப்பாடும் (கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) இவர்களுக்கு உண்டு. ஒரு திருத்தம்: அமெரிக்கா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் அரசுக் காப்பீடும் ஓய்வூதியமும் செலவில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. துண்டு விழுவதைத்தான் திரட்டுகிறார்கள். சந்தை, கடைவீதி, ஞாயிறு திருப்பலி முடிந்த கோயில் வாசல் என்று சகோதரிகள் போய்க் கேட்பார்கள்.

கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கல்யாணப் பந்தியில் மிஞ்சியதை ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுபோய் இறக்குவது. சமைத்த சோறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதில் உருவாகக்கூடிய ஒருவகை நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எண்பது வயது உடம்பு அது தரும் வாந்தியைத் தாங்காது. பிரித்த மாத்திரை அட்டைகளும் வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எப்போதும் உதவும். பெரியவர்களுக்கான டயப்பர் இன்னும் அதிகமாக உதவும். படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு நாளுக்கு மூன்று நான்கு வேண்டும். பத்துப் பேர் என்றால் மாதம் ஆயிரத்தைத் தொடும். அளவைக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக இருந்தால் கசியும், இறுக்கினால் தொடையிடுக்கில் புண் வரும். துணி கொடுப்பதானால் முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி நல்லது, கை தூக்க முடியாதவருக்கும் மாட்டிவிடலாம். பண்டிகைக்கு எல்லாரும் கொடுப்பார்கள். நீங்கள் சாதாரண மாதத்தில் கொடுங்கள். போகுமுன் போன் செய்து என்ன தீர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

சபையின் உயிர்நாடி என்று நான் நினைப்பது, சாகும் வேளையில் ஒருவரையும் தனியாக விடாத வழக்கம். முடிவு நெருங்கியதும் சகோதரிகள் இரவும் பகலும் முறைவைத்துக் கட்டிலருகே உட்காருவார்கள். கடைசியில் கூடி நின்று ‘சால்வே ரெஜினா’ என்ற மாதா பாடலைப் பாடுவார்கள், நம் பழைய ஜெபப் புத்தகத்தில் ‘கிருபை தயாபத்து’ என்று தொடங்குமே, அதுதான். சொந்தம் என்று யாருமே இல்லாமல் வந்தவருக்கும் இது உண்டு.

நேரம் கொடுக்க முடியுமானால், ஊட்டிவிட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். நிதானமாக ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். படுத்தபடி ஊட்டவே கூடாது, உணவு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரலாம். நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, அரைக் கரண்டி கொடுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். வாயில் சோறு இருக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்திச் சகோதரியைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்தின் உள்பக்கம் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் கழித்துப் படுக்கவைக்கலாம்.