பெஞ்சில் உட்காராத ஏழாம் வகுப்பு

வணக்கம் சார்,

நாங்கள் மதுரை செல்லூரில் இருக்கிறோம். கணவர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். இந்த 2021 கொரோனா ஊரடங்கில் கடை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் மகனை ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்த்து, ஆன்லைன் கிளாஸுக்காக என் தோட்டை அடகு வைத்து போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது ஏழாவது. கிளாஸ் என்று காலையில் எடுப்பவன் ராத்திரி பன்னிரண்டு வரை கீழே வைப்பதில்லை. எல்லாம் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுதான். போன வாரம் பிடுங்கினேன், சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டான். என்னை எதிர்த்துப் பேசியே அறியாத பிள்ளை. போனை உடைத்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

சகோதரிக்கு,

உடைக்க வேண்டாம். தோடு இன்னும் அடகில்தானே இருக்கும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது உங்கள் மகன் ஐந்தாவது. அப்புறம் ஆறாவது முழுக்க வீட்டிலேயே ஓடிவிட்டது. சேர்ந்த பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் உட்காரப்போகிறவன் முகம் தெரியாது. செல்லூர்க்காரப் பிள்ளைக்கு வைகை கூப்பிடு தூரம். அழகர் ஆற்றில் இறங்குவதை அப்பா தோளில் இருந்து பார்த்திருப்பான். இரண்டு சித்திரையாக அதுவும் இல்லை. பழைய கூட்டாளிகள் எங்கே என்று தேடினால், எல்லோரும் அந்த விளையாட்டுக்குள் இருக்கிறார்கள்.

என் அக்கா பேரன் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதிக்கிறார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவன் ஜெயிப்பான். இவன் நாலு பேர் அணியாக ஆடினான். காதில் ஹெட்போனோடு, "டேய், பின்னாடி வர்றான்டா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். ஒரு மேட்ச் சுமார் பத்து நிமிஷம். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. நீங்கள் பிடுங்கியபோது மூன்று பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்ததாகத்தான் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

அதற்காகத் தட்டை எறிந்தது சரியாகிவிடாது. கோபம் தணிந்த நேரமாகப் பார்த்து அதைச் சொல்லுங்கள். இனிமேல் "இந்த மேட்ச் முடிஞ்சதும் சாப்பாடு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுத்தது தொடங்கும் முன் போன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். முதல் சில நாள் சண்டை இருக்கும்.

கிளாஸ் என்கிற சாக்குக்கு வருகிறேன். மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில், எட்டாம் வகுப்பு வரை நாளைக்கு இரண்டு ஆன்லைன் வகுப்புக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று இருக்கிறது. உங்கள் பள்ளி கூடுதலாகவும் நடத்தலாம். மிஸ்ஸிடம் நேர அட்டவணையை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் டிவி இருந்தால் கல்வித் தொலைக்காட்சியையும் போடுங்கள். அதில் பாடத்தின் நடுவே ஃப்ரீ ஃபயருக்குத் தாவ முடியாது.

ராத்திரி ஒன்பதுக்கு போன் அரிசி டிரம் மேலே போய்விடட்டும். உங்கள் போன், வீட்டுக்காரர் போன் எல்லாம் சேர்ந்துதான். (நேற்று இரவு ஒரு மணி வரை தொற்று எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் இதைச் சொல்கிறேன்.)

அப்பா வீட்டில் இருக்கிறார் அல்லவா? சாயங்காலம் மொட்டை மாடியில் மகனோடு ஒரு மணி நேரம் பட்டம் விடச் சொல்லுங்கள். கூட்டாளிகளில் எவன் வீடு பக்கத்தில் இருக்கிறது என்றும் விசாரித்து வையுங்கள். தளர்வு வந்ததும் மாஸ்க் போட்டுக்கொண்டு அவனும் மாடிக்கு வரட்டும். முதல் நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனோடுதான் உட்காருவார்கள். உட்காரட்டும்.

அன்புடன்.