மில்லேயைப் பார்த்து வரையலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வாட்டர்கலர் ஓரளவு கைவந்துவிட்டது, இனி ஒயில் பெயின்டிங் பழக ஆசை. பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தைப் பார்த்து வரையலாம் என்று இருக்கிறேன். "கொப்பி அடிப்பதெல்லாம் கலையா, நம் கொழுந்துப் பெண்களை வரையேன்" என்கிறார் அண்ணன். – வாசகி, ஹட்டன்

பதில்: அண்ணன் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அது அடுத்த வேலை. வான்கோ 1889-90இல் சென் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, நிறத்தைத் தானே யோசித்து, இருபது படமளவில் வரைந்தார். அப்போது அவர் கற்றுக்குட்டியும் இல்லை.

முழுப் படத்தையும் எடுத்தவுடன் தொடாதீர்கள். 1857இல் வரைந்த அந்தப் படம் 83.5க்கு 110 சென்டிமீட்டர். அதைச் சின்னக் கேன்வஸில் அடைத்தால் விரல்கள் எல்லாம் புள்ளியாகிவிடும். நடுவில் குனிந்திருக்கிற சிவப்புத் தலைத்துணிப் பெண்ணை மட்டும் கட்டம் போட்டுப் பெரிதாக எடுங்கள். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பர்ன்ட் அம்பர் என்கிற கடும் மண்ணிறம் ஒன்றை மட்டும் டர்பன்டைனில் கரைத்து, வெளிச்சம் எங்கே இருட்டு எங்கே என்று முதலில் போட்டு முடியுங்கள், நிறம் அப்புறம். அப்போதுதான் ஒன்று பிடிபடும்: அந்த முகத்தில் கண், மூக்கு என்று தெளிவாக ஏதும் இல்லை, முழுக்க நிழல், களைப்பையெல்லாம் முதுகுதான் சொல்கிறது. முகத்தை அழகாக்கப் போனால் படம் கெட்டது.

பின்னணியையும் கவனியுங்கள். வெளிச்சமும் வைக்கோல் போரும் வண்டியும் தூரத்தில், வலது பக்கம் குதிரை மேல் ஒரு மேற்பார்வையாளர் (அவரைப் பார்த்தால் தோட்டத்து ஆட்களுக்கு யார் ஞாபகம் வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை). அவ்வளவும் வெளிறிய நிறத்தில், அழுத்தமான இருட்டே இல்லாமல் போட்டது. பனிமூட்டத்தில் எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் நமக்குத் தெரிவதும் அப்படித்தானே? இதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் மலைக்குப் போய், கூடையும் படங்குமாக நிற்கிறவர்களை நேரில் பார்த்து வரையுங்கள். அண்ணனும் சந்தோஷப்படுவார்.

கேள்வி: மழைக்காலத்தில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. அடுப்பு மேல் வைக்கலாமா? – வாசகர், நுவரெலியா

பதில்: வேண்டாம், புகை படியும். ஒயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லின்சீட் ஒயில் (ஆளி விதை எண்ணெய்) காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது, குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். அடியில் அம்பர் போடுங்கள், சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் அடியில் வேண்டவே வேண்டாம், அது இழுத்தடிக்கும். முதல் பூச்சில் ஒயில் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் பிற்காலத்தில் பூச்சில் வெடிப்பு விழும். படத்தை அலுமாரிக்குள் பூட்டாமல் வெளிச்சமும் காற்றும் படுகிற சுவரில் மாட்டுங்கள்.

இதைவிட முக்கியமானது, ஒயில் துடைத்த துணி. சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். லயத்துக் காம்பராவில் விறகும் அதே மூலையில்தானே கிடக்கும்? தண்ணீர் டின்னில் போட்டு மூடி வெளியே வையுங்கள். டர்பன்டைன் எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எவ்வளவு குளிரானாலும்.

கேள்வி: இப்படிப் பார்த்து வரைந்த படத்தை விற்கலாமா? – வாசகர், பண்டாரவளை

பதில்: தாராளமாக. மில்லே இறந்தது 1875இல், உரிமைச் சிக்கல் இல்லை. அவர் கையெழுத்தை மட்டும் போடாதீர்கள். கேன்வஸின் பின்பக்கம் 'மில்லேயைப் பார்த்து' என்று எழுதி, கீழே உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.