யார் யாரை அழைத்துப்போவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்தோனியாவின் பாட்டுத் திருவிழாவுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து, அடுத்த விழாவுக்குப் போயே தீர வேண்டும் என்று இருக்கிறது. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். மகள் பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கிறாள். அங்கிருந்து விழா நடக்கும் எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம்தான் என்கிறாள். சிக்கல் என் மனைவிதான். "பாஷை தெரியாத பாட்டை மழையில் நனைந்து கேட்பதற்கா அவ்வளவு தூரம்? அந்தப் பணத்தில் காசிக்குப் போய்வரலாம்" என்கிறாள். முப்பது வருடமாக அவளுக்குச் சங்கீத ரசனையை உண்டாக்க முயன்று தோற்றவன் நான். இந்தப் பயணமாவது அதைச் செய்யுமா? எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

"ரசனையை உண்டாக்க" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். முப்பது வருடமாக வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தால் மாணவி காசிக்குப் போகத்தான் ஆசைப்படுவார்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, நானும் அதே வாத்தியார்தான். மார்கழியில் சபாவில் உட்கார்ந்தால் தொடையில் தாளம் போட்டபடி, ஆலாபனை தொடங்கி அரை நிமிடத்துக்குள் ராகத்தின் பெயரை மனைவியின் காதில் சொல்லிவிடுவேன். பாதி நாள் தவறாகச் சொல்வேன் என்பது வேறு கதை. அவளோ தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே கேன்டீனுக்கு எழுந்து போய்விடுவாள். அவளுக்குக் காது இல்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தாலின் போனது 2019 ஜூலையில். விழா தொடங்கி 150 ஆண்டுகள் ஆன வருடம் அது. பாட வந்தவர்களே ஏறக்குறைய 35,000 பேர். மொத்தம் 13 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் இது எவ்வளவு பெரிய கணக்கு என்று பாருங்கள். முதலில் ஊர்வலம். நகரின் சுதந்திரச் சதுக்கத்திலிருந்து விழாத் திடல்வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரம் ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் பெயர்ப் பலகையோடு நடந்து வருகிறது. வழியில் நிற்பவர்கள் "எலகு!" என்று கத்துகிறார்கள். "வாழ்க" என்று பொருள். குழுவினரும் திருப்பிக் கத்துகிறார்கள். இப்படியே மணிக்கணக்கில்.

எனக்கு முதல் அரை மணியிலேயே கால் கடுக்கத் தொடங்கியது. மனைவி அசையவில்லை. அவள் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். பெண்களின் பாவாடைகளில் உள்ள நெடுங்கோடுகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதை எவரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். பழைய வழக்கப்படி பாவாடைக்கு முன்புறம் தனித் துணி (ஏப்ரன்) கட்டியிருப்பவர் மணமானவர் என்பதைப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு எனக்குச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். முறை மாறியதை அப்போது கவனிக்கவில்லை.

திடல் கடலோரத்தில் ஒரு சரிவு. கீழே 1960இல் கட்டிய மாபெரும் வளைவு மேடை. அதில் பாடகர்கள் படிப்படியாக நிற்கிறார்கள். எதிரே ஏறிச்செல்லும் புல்வெளியில் நாம். அங்கே ராகமும் இல்லை, ராகத்தின் பெயரைச் சொல்ல ஆளும் இல்லை. நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான்.

வரலாறு மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1869இல் தார்த்து நகரில் நடந்த முதல் விழாவில் பாடவும் வாசிக்கவும் வந்தவர்கள் 878 பேர், அத்தனை பேரும் ஆண்கள். எஸ்தோனியர்கள் அப்போது ரஷ்யப் பேரரசர் ஜாரின் குடிமக்கள். அந்த விழாவில் எஸ்தோனியர் இசையமைத்த பாடல்கள் இரண்டே இரண்டு. இரண்டின் வரிகளும் லிதியா கோய்துலா என்ற இளம்பெண் எழுதியவை. "எழுதியது பெண், பாடுவதற்கு மட்டும் ஆண்களா?" என்றாள் மனைவி. அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுக்கள் 1891இல்தான் பாடின.

கோய்துலாவின் அந்த இரண்டு பாடல்களில் ஒன்றின் வரிகளுக்கு 1944இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் புதிய மெட்டு அமைத்தார். அந்தப் பாட்டு சோவியத் ஆட்சியில் 1947 விழாவில் ஒருமுறை பாடப்பட்டு, பின்னர் நிரலிலிருந்து காணாமல் போனது. 1960இல் நிகழ்ச்சி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் அதைத் தானாகவே பாடியது. 1988 செப்டம்பரில் இதே திடலில் லட்சக்கணக்கானோர் கூடிப் பாடினார்கள், 1991இல் நாடு சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. 'பாட்டுப் புரட்சி' என்று அவர்கள் சொல்வது உருவகம் அல்ல.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பிற்பகலில் மனைவி கழிப்பறைக்குப் போனாள். வரிசையைப் பார்த்தால் திருப்பதி நினைவுக்கு வரும். தொலைந்துபோனால் சரிவின் உச்சியில் உள்ள எர்னெசாக்ஸ் சிலையடியில் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவைத்திருந்தோம். திடலில் பாதிப் பேர் அதே சிலையடியைத்தான் பேசிவைத்திருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் நின்றேன். முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். இறங்கி வந்து தேடினால், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி இரண்டு கிழவிகளுக்கு நடுவே நிற்கிறாள். அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தின் ஒரு ஓரம் அவள் கையில் இருக்கிறது. எஸ்தோனிய மொழியை ரோமன் எழுத்தில், பெரும்பாலும் ஒலிக்கிறபடியே எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் பாடி நான் கேட்டதில்லை. தாலாட்டைக்கூட அவள் அம்மாதான் பாடினார். சுருதி சரியாக இருந்ததா என்று கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கலாம். அருகில் போகாமல் அந்தப் பாட்டு முடியும்வரை கூட்டத்தில் மறைந்து நின்றேன். அன்றிரவு விடுதியில் அவள் சொன்னாள்: "நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் பாடியிருக்க மாட்டேன்."

அதனால், போங்கள். ஆனால் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். டிசம்பர் கச்சேரிக்கோ, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறெந்த இசைக்கோ அவரை இழுத்துச் சென்றால் நீங்கள்தான் வழிகாட்டி. இங்கே இருவருமே ஒன்றும் தெரியாதவர்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விழா டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள், நாங்கள் போன ஆண்டு கடைசி நாளுக்கான டிக்கெட் தீர்ந்து விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. அன்றிரவே ஹெல்சின்கி திரும்பும் திட்டம் வேண்டாம். ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. சைவம் என்றால் கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி. பருப்புப்பொடியை மறக்காதீர்கள்.

எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாததால் உங்கள் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அவர் மகளோடு போய்வரட்டும். அந்த அம்மாவை என்னோடு காசிக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்றாள். தை மாதம் வசதிப்படுமா என்று கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்.