சிறுகதையில் புலனுணர்வுச் சித்திரிப்பை அடையாளம் காண உவமையைத் தேடினால் போதுமா?

‘போல’ என்ற சொல் வரும் வரிகளை அடிக்கோடிட்டுக்கொண்டே போனால் புலனுணர்வுச் சித்திரிப்புகள், அதாவது தோல், நாக்கு, மூக்கு, கண், காது ஆகியவற்றுக்கு எட்டும்படி எழுதப்பட்டவை எல்லாம் அகப்பட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வழியை எனக்கும் தேர்வுக்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அகப்படாது. அந்த வழியில் போகாமல் விடை எழுதி மதிப்பெண் இழந்தவள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கல்லூரியில் எங்களுக்கு கி. ராஜநாராயணனின் ‘கதவு’ பாடமாக இருந்தது. ஓர் ஏழை வீட்டுக் கதவில் ஏறிக் குழந்தைகள் பஸ் விளையாட்டு ஆடுகிறார்கள், தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று நுழைகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. இக்கதையின் புலனுணர்வுச் சித்திரிப்பை விளக்கும்படி ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. கதவு முதலில் குழந்தைகளின் கைக்கும் காலுக்கும் கிடைக்கிறது, பறிபோன பிறகு குளிராக உடம்பில் இறங்குகிறது, இறுதியில் அவர்கள் அதைப் பற்றிக்கொள்ளும் பிடியில் மறுபடி கைக்கு வருகிறது, ஆகவே இது தொடுபுலனால் கட்டப்பட்ட கதை என்று ஒரு பக்கம் எழுதினேன். ஒரு மதிப்பெண் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘உவமை எங்கே?’ என்று எழுதப்பட்டிருந்தது.

அப்போது எங்கள் வீட்டுப் புழக்கடை வாசலில் கதவு கிடையாது, சாக்குப் படுதாதான் தொங்கியது. மார்கழியில் அதன் அடியால் நுழையும் காற்று, பாயில் படுத்திருப்பவரின் கணுக்காலைத்தான் முதலில் பிடிக்கும். அந்தக் கதையின் குளிரை எனக்கு எந்த உவமையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருத்தியவரைக் குறை சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உவமையை அணி என்று கற்பித்துவிட்டு, புலனுணர்வையும் அதே பெட்டிக்குள் போட்டுவிடும் பாடமுறையின் மீதுதான் என் வருத்தம்.

ஒரு வாக்கியத்தைப் படித்ததும், இது யாருடைய உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் கால் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்’ என்ற வரியில் உவமையும் இல்லை, அடைமொழியும் இல்லை. ஆனாலும் வெயிலில் காய்ந்த கல்லின் சூடு படிப்பவரின் உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. வேலையைச் செய்தது ‘எடுத்துக்கொண்டாள்’ என்ற வினை. மாறாக ‘கசப்பான அனுபவம்’ என்னும்போது யார் நாக்கும் கசப்பதில்லை. புழங்கித் தேய்ந்துபோன இத்தகைய தொடர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிசுபிசு, சொரசொர, கமகம போன்ற இரட்டைக்கிளவிகள் தோலுக்கும் மூக்கிற்கும் நேரே போகின்றவை. அவற்றை ஒலிக்குறிப்பு என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.

இத்தகைய சித்திரிப்பைப் படிமம் என்றும் சொல்வதுண்டு; படிமம் என்பதற்குக் கவிதைக் கோட்பாட்டில் வேறு பொருள் உண்டு என்று சிலர் இங்கே சொல்லக்கூடும். அதை மறுக்கவில்லை, நான் பேசுவது கதையில் ஐம்புலனுக்கும் எட்டுகிறவை பற்றி மட்டுமே. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது உற்றறிவதை, அதாவது தொட்டு உணர்வதை, முதலில் வைத்து, பிறகு நா, மூக்கு, கண், செவி, மனம் என்று செல்கிறது. நான் கதையை அந்த வரிசையில்தான் படிக்கிறேன். முதல் வாசிப்பில் தோலுக்குக் கிடைப்பதை மட்டும் குறித்துக்கொள்வேன். காட்சிகள் தேடாமலே கிடைத்துவிடும் என்பதால் கண்ணை நான்காவதாகவே விட்டுவைப்பேன். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதைக்குத் தலைப்பே தோலின் சொல் என்பது எனக்கு இப்படிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

ஐந்து மதிப்பெண் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அறிவேன். ஆகவே விடையில் ‘போல’ வரும் வரி ஒன்றையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். ஆனால் அதை முதல் வரியாக வைக்காதீர்கள்.