மும்பையில் தினமும் வேலைக்கு எடுத்துப் போக, மடங்காத கத்தியில் எது நீடித்து உழைக்கும்?

குடோனில் வேலை, மடக்குக் கத்தி வாங்கினால் கீல் ஆடிப் போகிறது, அதனால் மடங்காத கத்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான முடிவு. நான் கோரேகாவ் பக்கம் கண்காட்சி ஸ்டால் போடும் வேலையில் இருக்கிறேன். கார்ப்பெட், ஃப்ளெக்ஸ், கயிறு, பேக்கிங் பட்டி என்று நாள் முழுக்க அறுப்புதான்.

மும்பை என்றால் நான் முதலில் பார்ப்பது துரு. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பட்டறைக் கத்தி ஊரில் அருமையாக உழைக்கும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறிவிடும். ஆனால் இங்கே ஜூனில் மழை பிடித்ததும், ஒரு ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் செம்புள்ளி தெரியும். டி2 என்ற கடினமான ஸ்டீல் வகையை ஆன்லைனில் ரொம்பப் புகழ்வார்கள். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருப்பதால் துரு தாமதமாகும், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. கூர் நன்றாக நிற்கும். மழுங்கிவிட்டால் சாதாரண சாணைக்கல்லில் ஏற்றுவது பெரும்பாடு. உங்கள் வேலைக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் போதும்.

அளவு: அலகு, அதாவது அறுக்கும் தகடு, 9 அல்லது 10 செ.மீ. நீளம், அதன் முதுகு (கூர் இல்லாத பக்கம்) 2.5 முதல் 3 மி.மீ. கனம். கனமாக இருந்தால் உறுதி என்று நினைத்து 5 மி.மீ. வாங்குகிறார்கள். அது அட்டைப் பெட்டியை அறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும். கை வலிதான் மிச்சம்.

பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். பிடிக்குள் தீப்பெட்டி, தூண்டில் எல்லாம் வைக்கலாம் என்று விற்கும் கத்திகள் வேண்டவே வேண்டாம். பிடி உள்ளே வெற்றுக் குழாய், அலகு வெறும் போல்ட்டில் நிற்கும், அந்த இடத்திலேயே உடையும். ஸ்வீடனின் மோரா கம்பெனி செய்யும் ‘கம்பேனியன்’ என்ற கத்தியில் இரும்பு பிடியின் கடைசி வரை போகாது, ஆனாலும் அறுக்கிற வேலைக்கு அது தாராளம். 104 மி.மீ. அலகு, ஸ்டெயின்லெஸ் வகையும் உண்டு. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பலகையைப் பிளக்க, முதுகில் சுத்தியலால் தட்ட வேண்டும் என்றால் மட்டும் அதே கம்பெனியின் ‘கார்பெர்க்’ கத்தியைப் பாருங்கள். அதில் இரும்பு பிடி முழுக்க ஓடும், விலை பல மடங்கு.

உறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். தாராவியில் அழகான தோல் உறை தைத்துத் தருவார்கள். ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் கத்தி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறைதான் இங்கே சரி. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. ராத்திரி வெளியே எடுத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள்.

அப்புறம் சட்டம். ஆயுத விதிகள் 2016-இன்படி அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நீங்கள் வாங்கப்போவது இதற்குள் அடங்கிவிடும். ஆனால் மகாராஷ்டிரா போலீஸ் சட்டம் 1951, 37-ஆவது பிரிவில் பொது இடத்தில் ஆயுதம் எடுத்துப் போகத் தடை போட போலீஸ் கமிஷனருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவில் கத்தி என்று பொதுவாகத்தான் இருக்கிறது, அளவு இல்லை. தேர்தல், பண்டிகை நேரத்தில் இந்த உத்தரவு வரும். அதனால் இடுப்பில் மாட்டிக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் ஏறாதீர்கள். குடோனிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தால் இன்னும் நிம்மதி. மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், அங்கே கத்தியோடு போகவே வேண்டாம்.

மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், வேலைக்குப் போடும் கையுறையை மாட்டிக்கொண்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.