முதலாளியின் பக்தியும் வேலை கேட்டு வந்தவரும்

கேள்வி: கணவரோடு பலகாரக் கடை நடத்துகிறேன், கேக்கும் செய்து தருகிறோம். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த திருநங்கை ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், கைவேலை நேர்த்தியானது. என் கணவரோ, “அமெரிக்காவில் ஒருபால் தம்பதிக்குக் கேக் செய்ய மறுத்தவரே வழக்கில் வென்றார், நம் சமயத்துக்கு ஒவ்வாதவரை ஏன் சேர்க்க வேண்டும்?” என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவர் சொல்வது அமெரிக்காவின் கொலராடோ மாநில வழக்கு. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால், அம்மாநில உரிமை ஆணையம் அவருடைய சமயத்தை இழிவாகக் கருதி நடுநிலை தவறியது என்பதே அதற்குக் காரணமேயன்றி, சமயத்தின் பேரால் எவரையும் திருப்பி அனுப்பலாம் என்று அது சொல்லவில்லை.

அதே ஆண்டு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெல்பாஸ்ட் வழக்குதான் இதைவிடத் தெளிவானது. ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த கடைக்காரர்கள் வென்றார்கள். கேட்டவர் யாராயிருந்தாலும் அந்த வாசகத்தை அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால். ஆனால், ஆண் இணையர் இருவருக்கு ஒரே அறை தர மறுத்த கார்ன்வால் விடுதிக்காரர்கள் 2013-இல் அதே நீதிமன்றத்தில் தோற்றார்கள். வாசகத்தை மறுப்பது வேறு, ஆளை மறுப்பது வேறு. உங்களிடம் வந்தவர் எந்த வாசகத்தையும் எழுதச் சொல்லவில்லை. முறுக்குப் பிழிய வந்திருக்கிறார். கறுப்பினத்தவரை உள்ளே அமர்த்திப் பரிமாறுவது தம் சமயத்துக்கு எதிரானது என்று வாதிட்ட தென் கரோலினா உணவகக்காரர் ஒருவரையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-இல் ஏற்கவில்லை. அமெரிக்காவையே சான்று காட்டுவதானால், திருநர் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்ற 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் உங்கள் கணவர் சேர்த்துப் படிக்கட்டும்.

நம் மலேசிய நாட்டு நிலைமை வேறு என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதியில் ‘பாலினம்’ என்ற சொல் 2001-இல் சேர்ந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது என்று, விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, உங்கள் கணவர் மறுத்தால், வேலை கேட்டு வந்தவர் அரசியலமைப்பைக் காட்டி வழக்காட முடியாது. சட்டம் கேட்காததால் மறுப்பு நியாயமாகிவிடாது. என் கருத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வதே முறை.

சேர்த்துக்கொண்டால், சேமநிதிக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் அடையாள அட்டையில் உள்ள பெயரைப் பதியுங்கள்; கடையில் அவர் சொல்லும் பெயரால் அழையுங்கள்.